வெடிக்கு முன் சர்வே: மும்பைக் கப்பல் வழியில் தடையை அளப்பது

கப்பல் வழியில் கிடக்கும் பாறையையோ உடைசலையோ (மூழ்கிய கப்பலின் சிதைவு) வெடி வைத்துத் தகர்ப்பது உரிமம் உள்ளவர்களின் வேலை. அவர்களைக் கூப்பிடும் முன் சர்வே ஆட்கள் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்: எங்கே கிடக்கிறது, என்ன பொருள், எவ்வளவு உயரம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சரியாக அளந்தால் பாதி வேலைக்கு வெடியே தேவைப்படாது. கிராப் (கவ்வித் தூக்கும் இரும்புக் கை) போட்டுத் தூக்கிவிடலாம்.

தூத்துக்குடியில் வேலை பழகி வந்தவர்களுக்கு முதல் தொல்லை ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. அங்கே ஒரு மீட்டருக்குள் அடங்கும் ஏற்றவற்றம், மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 மீட்டரைத் தாண்டும். அட்டவணை போதாது. ஓத அளவியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, அந்த அளவை ஆழத்திலிருந்து கழித்து எழுதுங்கள்.

அடுத்தது ஒலி வேகம். எக்கோ சவுண்டரில் (ஒலி அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் ஆழம் அளக்கும் கருவி) நொடிக்கு 1,500 மீட்டர் என்று விட்டுவிட்டு, தண்ணீரில் உண்மை வேகம் 1,540 ஆக இருந்தால், 15 மீட்டர் ஆழம் 14.6 என்று காட்டும். மழைக்காலத்தில் நன்னீர் கலப்பதால் இந்த வேகம் மாறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் இரும்புத் தட்டை டிரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) கீழே 5 மீட்டரில் இறக்கி, கருவியும் 5 என்றே காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

பொருளைத் தேட சைடு ஸ்கேன் சோனார்: பக்கவாட்டில் ஒலி அனுப்பி, கடலடியைப் படமாகக் காட்டும் கருவி. 50 மீட்டர் ரேஞ்ச் என்றால் மீனை (இழுத்துச் செல்லும் கருவியை அப்படித்தான் சொல்வோம்) கடலடியிலிருந்து 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் ஓட்டுங்கள். பொருளின் உயரம் நிழலில் (ஒலி எட்டாமல் அதன் பின்னால் படத்தில் விழும் இருட்டு) இருக்கிறது: நிழல் நீளத்தை மீனின் உயரத்தால் பெருக்கி, மீனிலிருந்து நிழல் முடியும் இடம் வரையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். நிழல் 10 மீட்டர், மீன் 6 மீட்டர், தூரம் 40 மீட்டர் என்றால் பொருள் 1.5 மீட்டர் உயரம். ஒரே ஓட்டத்தை நம்ப வேண்டாம். எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டுங்கள். மீன்பிடி வலைக் கம்பங்கள் அச்சு அசலாக உடைசல் போலவே தெரியும்.

சேறு இன்னொரு ஏமாற்று. எக்கோ சவுண்டரின் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி தளர்ந்த சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்; 33 கிலோஹெர்ட்ஸ் கீழே உள்ள கெட்டியான அடி வரை போகும். இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள்.

டைவரை நீரோட்டம் நிற்கும் நேரத்தில் மட்டும் இறக்குங்கள். கலங்கலில் கண் உதவாது. கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். குண்டு வடிவில் துருப்பிடித்த எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் மேலே வரச் சொல்லி, கடற்படைக்குத் தெரிவிக்க வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று வெடிமருந்தோடு ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்த துறைமுகம் இது.

அளந்து முடியும் வரை காத்திருக்காமல் மிதவை போடுங்கள். புதிதாக மூழ்கியதற்கு நீலமும் மஞ்சளும் செங்குத்துப் பட்டைகளாக உள்ள அவசர மிதவை. 2010 ஆகஸ்டில் எம்எஸ்சி சித்ரா என்ற சரக்குக் கப்பல் இங்கே இன்னொரு கப்பலோடு மோதி, கன்டெய்னர்கள் கடலில் விழுந்தபோது, அவை எங்கே போய்க் கிடக்கின்றன என்று தெரியாததால்தான் போக்குவரத்தே நின்றது.