நன்கொடைப் படிவத்தில் டேக் மேனேஜர்: வந்து சேர்ந்த பணத்தை மட்டும் எண்ணுவது எப்படி

சின்ன அறக்கட்டளைகளுக்கு வலைத்தளம் பார்த்துக்கொடுப்பது என் வேலை. மாலைநேரப் பள்ளி நடத்துபவர்கள், தெருநாய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், முதியோர் இல்லம் வைத்திருப்பவர்கள் என்று பலரோடு பழகுகிறேன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், போஸ்டரில் க்யூஆர் ஒட்டினோம். இதில் எதனால் பணம் வந்தது?"

கூகுள் டேக் மேனேஜர் என்பது தளத்தில் ஓடும் கண்காணிப்பு நிரல்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் கருவி. ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) என்பது வருகைகளை எண்ணி அறிக்கை தரும் கருவி. இரண்டையும் நன்கொடைப் படிவத்தோடு ஒழுங்காகக் கோர்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். இரண்டும் இலவசம். ஆனால் நான் பார்த்த தளங்கள் பலவற்றில் 'நன்கொடை அளிக்க' பட்டனை யாராவது அழுத்தினாலே அதை ஒரு நன்கொடையாகக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அழுத்தியவர்களில் எத்தனையோ பேர் ஓடிபி கேட்கும் இடத்திலேயே நின்றுவிடுவார்கள். அந்தக் கணக்கை நம்பி விளம்பரத்துக்குப் பணம் போட்டால், குழந்தைகளின் சாப்பாட்டுக்குப் போக வேண்டிய காசு வீணாகும். அதனால் பணம் வந்து சேர்ந்த பிறகே எண்ண வேண்டும். பணம் கொடுத்தவர் யார் என்பது வெளியே போகவே கூடாது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

கணக்கை யார் பெயரில் திறப்பது?

அறக்கட்டளையின் சொந்த மின்னஞ்சலில் திறங்கள். தளம் செய்துகொடுத்த தம்பியின் ஜிமெயிலில் வேண்டாம். அவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும். ஆள் மாறும்போது பழைய கணக்கை மீட்க முடியாமல் தவிக்கும் அமைப்புகள் நிறைய.

டேக் மேனேஜர் தரும் இரண்டு துண்டு நிரலில் ஒன்றைப் பக்கத்தின் தலைப்பகுதியிலும், மற்றொன்றை உடல்பகுதி தொடங்கும் இடத்திலும் போட வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் பிளகின் ஒன்றே பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே சைட் கிட் என்ற கூகுளின் வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக ஜிஏ4 ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு டேக் மேனேஜருக்கு மாறுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே பார்வை இரண்டாக விழும்.

உங்கள் படிவம் எந்த வகை?

எதையும் தொடும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவம் உங்கள் தளத்திலேயே இருந்து, ரேசர்பே போன்ற கேட்வேயின் (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவையின்) பெட்டி அதன் மேலே திறந்தால் வேலை எளிது. படிவமே வேறு நிறுவனத்துடையது, உங்கள் பக்கத்தில் ஐஃபிரேமாக (ஒரு சட்டத்துக்குள் தெரியும் வேறு தளத்தின் பக்கமாக) மட்டும் தெரிகிறது என்றால், உங்கள் டேக் மேனேஜரால் அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. அந்த நிறுவனம் வெளிப்பக்கத்துக்குச் செய்தி அனுப்புமா, அல்லது உங்கள் ஜிஏ4 எண்ணை அவர்கள் பக்கத்தில் போட இடம் தருமா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் படிவத்தை மாற்றுவதே நல்லது. மூன்றாவது வகையில், கேட்வே தன் தளத்தில் கொடுக்கும் பேமென்ட் பக்கத்துக்கே ஆளை அனுப்பிவிடுகிறார்கள். அங்கே பணம் கட்டியவர் உங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பும்படி அமைக்க முடிந்தால்தான் மேற்கொண்டு போகலாம்.

டெவலப்பரிடம் சொல்ல வேண்டியது

மொத்த வேலையில் முக்கியமான இடம் இது. டேக் மேனேஜர் தானாக எதையும் கண்டுபிடிக்காது. பக்கம்தான் டேட்டாலேயர் என்ற தட்டில் விவரத்தை வைக்க வேண்டும். டேக் மேனேஜர் அதை எடுத்து ஜிஏ4-க்கு அனுப்பும். இப்படி அனுப்பப்படும் ஒவ்வொரு செயலின் பதிவையும் 'நிகழ்வு' என்பார்கள். நான் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் குறிப்பு இதுதான்:

"தொகையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் பெட்டி திறந்ததும் 'பிகின்_செக்அவுட்' என்ற நிகழ்வைத் தள்ளவும். பணம் வெற்றி என்று நம் சர்வர் சரிபார்த்த பிறகு, நன்றிப் பக்கத்தில், 'பர்ச்சேஸ்' நிகழ்வை ஒரே ஒரு முறை தள்ளவும். அதோடு கேட்வே கொடுத்த பேமென்ட் ஐடி, ரூபாயில் தொகை, நாணயம் ஐஎன்ஆர், எந்த நிதிக்கு, ஒருமுறையா மாதாமாதமா என்பவை வர வேண்டும். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், பான் எண் எதுவும் வரக் கூடாது."

நன்கொடைக்கு எதற்கு 'பர்ச்சேஸ்' என்று பலர் கேட்பார்கள். 'டொனேட்' என்று சொந்தமாகப் பெயர் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் ஜிஏ4-இல் வருமானம் காட்டும் அறிக்கைகள் 'பர்ச்சேஸ்' என்ற பெயரைத்தான் தேடும். அந்தப் பெயரில் அனுப்பினால் எந்தப் பிரசாரத்தில் எத்தனை ரூபாய் என்பது தயாராக வந்து நிற்கும். 'மதிய உணவு', 'புத்தகம்', 'பொது நிதி' என்ற நிதிப் பெயர்களைப் பொருளின் பெயராக அனுப்பிவிடுங்கள். நிகழ்வுப் பெயர்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும்: begin_checkout, purchase. ஓர் எழுத்து பெரிதானாலும் ஜிஏ4 அதை வேறு நிகழ்வாக எடுத்துக்கொள்ளும்.

இதில் தொகையைத் தனியாகப் பாருங்கள். ரேசர்பே தொகையைப் பைசாவில் கையாளும். 500 ரூபாய் என்றால் 50000. டெவலப்பர் அதை அப்படியே தட்டில் வைத்தால் உங்கள் அறிக்கையில் 500 ரூபாய் நன்கொடை ஐம்பதாயிரமாகத் தெரியும். நூறால் வகுத்த பிறகே தள்ளச் சொல்லுங்கள். எண்ணாகவே போக வேண்டும். ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் வேண்டாம். நாணயத்தை விட்டுவிட்டால் வருமானக் கணக்கு சரியாக வராது.

பேமென்ட் ஐடியும் கட்டாயம். நன்றிப் பக்கத்தை ஒருவர் திரும்பத் திறந்தால் நிகழ்வு மறுபடி போகலாம். அதே ஐடியோடு அதே ஆளிடமிருந்து வந்தால் ஜிஏ4 அதை ஒன்றாகவே கொள்ளும். ஐடியைக் காலியாக அனுப்பினால் நேர்மாறான கெடுதல்: வேறு வேறு நன்கொடைகளை ஒன்றென்று நினைத்துத் தள்ளிவிடும்.

யுபிஐ போட்டவர் திரும்பி வரவில்லை என்றால்?

நம் ஊரில் பெரிய ஓட்டை இங்கேதான். கைபேசியில் படிவத்தை நிரப்புகிறார், ஜிபேயோ ஃபோன்பேயோ திறக்கிறது, பின் எண்ணைப் போடுகிறார், பணம் போய்விடுகிறது. அப்புறம் அவர் பிரவுசருக்குத் திரும்புவதே இல்லை. வாட்ஸ்அப்பைப் பார்க்கப் போய்விடுகிறார். நன்றிப் பக்கம் திறக்காததால் 'பர்ச்சேஸ்' நிகழ்வும் போகாது. வங்கியில் பணம் இருக்கும், அறிக்கையில் இருக்காது.

இதற்குத் தீர்வு சர்வர் பக்கத்தில் இருக்கிறது. பணம் வந்ததும் கேட்வே உங்கள் சர்வருக்கு வெப்ஹூக் என்ற தானியங்கிச் செய்தி மூலம் தகவல் சொல்லும். அந்த நேரத்தில் சர்வரே மெஷர்மென்ட் புரோட்டோகால் (பிரவுசர் இல்லாமல் ஜிஏ4-க்கு நேரே அனுப்பும் வழி) வழியாக ஜிஏ4-க்கு நிகழ்வை அனுப்பலாம். ஆனால் இந்தப் பணம் எந்த வருகையைச் சேர்ந்தது என்று ஜிஏ4-க்குத் தெரிய வேண்டுமே. அதற்கு, படிவம் திறந்திருக்கும்போதே கிளையன்ட் ஐடியையும் (பிரவுசருக்கு ஜிஏ4 தரும் எண்) செஷன் ஐடியையும் (அந்த வருகையின் எண்) எடுத்து ஆர்டரோடு சேர்த்து வைக்க வேண்டும். ரேசர்பே ஆர்டரில் 'நோட்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. அதில் வைத்தால் வெப்ஹூக்கோடு திரும்பி வரும்.

நன்றிப் பக்கத்திலிருந்தும் சர்வரிலிருந்தும் இரண்டு வழியிலும் 'பர்ச்சேஸ்' அனுப்புவதை நான் விரும்புவதில்லை. சர்வர் வழி அமைக்க ஆள் இருந்தால் அதை மட்டும் வையுங்கள். இல்லையென்றால் நன்றிப் பக்கத்தோடு தொடங்குங்கள். கைபேசிக் கணக்கு குறைவாகத்தான் வரும் என்பதை நிர்வாகிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் நன்கொடைக்கும் இது பொருந்தும்: இரண்டாம் மாதத்திலிருந்து ஆள் தளத்துக்கே வரமாட்டார்.

டேக் மேனேஜருக்குள்

இங்கே வேலை குறைவு. ஜிஏ4 எண்ணோடு ஒரு கூகுள் டேக் போட்டு, 'இனிஷியலைசேஷன்' டிரிக்கரில் எல்லாப் பக்கத்துக்கும் ஓட விடுங்கள். டேக் என்பது அனுப்பும் நிரல், டிரிக்கர் என்பது அது எப்போது ஓட வேண்டும் என்ற நிபந்தனை. 'கஸ்டம் ஈவென்ட்' வகையில் இரண்டு டிரிக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிஏ4 ஈவென்ட் டேக். ஈகாமர்ஸ் தரவை டேட்டாலேயரிலிருந்து அனுப்பு என்ற தேர்வை 'டிக்' செய்தால் தொகையும் நிதிப் பெயரும் கூடவே போகும். 'பர்ச்சேஸ்' சர்வரிலிருந்து போகிறது என்றால் அதற்கு இங்கே டேக் வேண்டாம். ஜிஏ4 தானாகப் பதியும் 'ஃபார்ம் சப்மிட்' நிகழ்வை நன்கொடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிவம் போனது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

கொடுத்தவரின் விவரம்

வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதுக்காகப் பான் எண், முகவரி எல்லாம் வாங்குகிறோம். நம்பிக் கொடுக்கிறார்கள். அதில் எதுவும் கூகுளுக்குப் போகக் கூடாது. தனிநபரை அடையாளம் காட்டும் விவரத்தை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவதைக் கூகுளின் விதியே தடுக்கிறது. தெரியாமல் கசியும் இடம் நன்றிப் பக்கத்தின் முகவரிதான். கேள்விக்குறிக்குப் பின்னால் பெயரும் மின்னஞ்சலும் ஒட்டிக்கொண்டு வரும் தளங்கள் இருக்கின்றன. பக்க முகவரி ஒவ்வொரு முறையும் ஜிஏ4-க்குப் போகிறது, அதோடு இவையும் போகும். ஒரு நன்கொடை செய்து, முகவரிப் பட்டையைக் கடைசி எழுத்துவரை படித்துப் பாருங்கள். ஏதாவது இருந்தால் டெவலப்பரிடம் சொல்லி எடுக்கச் செய்யுங்கள். ஜிஏ4-இல் மின்னஞ்சலை மறைக்கும் வசதி உண்டு, அதைக் கூடுதல் காவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தார்கள்?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொட்டு வருபவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்) என்று விழுவார்கள். ஆகவே வெளியே போகும் ஒவ்வோர் இணைப்பிலும் யுடிஎம் (எங்கிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்பு) ஒட்டுங்கள். க்யூஆருக்கும் தனியாக ஒன்று. எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி வைக்க ஒரு கூகுள் ஷீட் போதும். கேட்வே தளத்துக்குப் போய்த் திரும்புபவர்கள் கேட்வேயிலிருந்து வந்தவர்களாகப் பதிவாகாமல் இருக்க, ஜிஏ4-இன் டேக் அமைப்புகளில் 'அன்வான்டட் ரெஃபரல்ஸ்' பட்டியலில் கேட்வேயின் முகவரியைச் சேருங்கள்.

வெளியிடும் முன்

டேக் மேனேஜரின் பிரிவியூ மோடைத் (வெளியிடாமல் சோதிக்கும் வசதி) திறந்து, கேட்வேயின் டெஸ்ட் மோடில் ஒரு முறை கட்டுங்கள். ஒரு முறை பாதியில் மூடுங்கள். பாதியில் மூடினால் 'பர்ச்சேஸ்' போகக் கூடாது. பிறகு உண்மையான பத்து ரூபாயைக் கைபேசியில் யுபிஐ வழியாக அனுப்பி, ஜிஏ4-இன் டீபக்வியூவில் (சோதனை நிகழ்வுகள் வரும் திரை) 10 என்று தெரிகிறதா பாருங்கள். நன்றிப் பக்கத்தை இரண்டு முறை ரீலோட் செய்யுங்கள். 'பர்ச்சேஸ்' மறுபடி போகக் கூடாது. எல்லாம் சரி என்றால் பெயர் கொடுத்துப் பப்ளிஷ் செய்யலாம்.

அன்றைக்கே ஜிஏ4-இல் தரவு வைத்திருக்கும் காலத்தை இரண்டு மாதத்திலிருந்து பதினான்கு மாதமாக மாற்றுங்கள். வரிச்சலுகைக்காகப் பலர் மார்ச்சில் கொடுப்பார்கள். ஜிஏ4-இல் நாமே அமைத்துக்கொள்ளும் எக்ஸ்ப்ளோரேஷன் அறிக்கையில் போன மார்ச்சோடு ஒப்பிட அது வேண்டும்.

மாதக் கடைசியில் கேட்வேயின் பட்டியலையும் ஜிஏ4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான், குக்கி மறுப்பு இவற்றால் ஜிஏ4 எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். ஆடிட்டருக்குக் கேட்வே பட்டியல்தான் போக வேண்டும். ஜிஏ4 அதைவிட அதிகமாகக் காட்டினால் எங்கோ இரட்டையாக விழுகிறது. திடீரென்று பாதியாகக் குறைந்தால் படிவத்தை யாராவது மாற்றியிருக்கலாம். முதலில் நன்றிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.