இச்சகத்தையும் (நாம் கேட்க விரும்புவதையே சொல்லும் முகத்துதியையும்) மெய்யான ஆலோசனையையும் பிரித்தறிவது எப்படி?

கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் படையெடுக்கலாமா என்று இஸ்ரவேலின் ராஜாவாகிய ஆகாப் 400 தீர்க்கதரிசிகளிடம் கேட்டபோது, அனைவரும் ஒரே குரலில் போகச் சொன்னார்கள். ஆனால், வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தை வரிசைப்படி வாசித்தால், அவர்களைக் கூப்பிடுவதற்கு முன்பே ராஜா தன் ஊழியக்காரரிடம் ராமோத் நம்முடையது என்று பேசிவிட்டதும், யூதாவின் ராஜாவாகிய யோசபாத்தைத் துணைக்கு அழைத்துவிட்டதும் தெரியும். தீர்மானத்துக்குப் பின்னே வந்த கேள்வி அது. இம்லாவின் குமாரனாகிய மிகாயா என்ற வேறொரு தீர்க்கதரிசியை அழைக்கப்போன ஆளும் மற்றவர்களைப்போலவே நன்மையாகச் சொல்லும்படி அவனுக்கு வழியிலேயே சொல்லிக்கொடுத்தான். இச்சகம் பேசுகிறவர்கள் தாமாக வருவதைவிட, நாம் கேட்கும் விதமே அவர்களை வரவழைப்பதுதான் அதிகம் என்பது என் கருத்து.

ஆகவே ஆலோசகரைச் சோதிப்பதற்குமுன் உங்கள் கேள்வியைச் சோதியுங்கள். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர நினைக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். “கர்த்தர் என்னை அழைத்துவிட்டார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டால், எதிரில் இருப்பவருக்கு ஆமென் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக் கடன் எவ்வளவு, மனைவி இதைப்பற்றி என்ன சொல்கிறார், தற்போதைய வேலையில் ஏதாவது மனக்கசப்பு உண்டா, ஏற்கெனவே யாரேனும் வேண்டாம் என்றார்களா என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அதை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்கட்டும். மறைத்த காரியத்தைப்பற்றி எவரும் ஆலோசனை சொல்ல முடியாது.

அடுத்து, உங்கள் முடிவினால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, தான் இச்சகமான வசனங்களைப் பேசவில்லை என்பதையும் பொருளாசையோடு நடக்கவில்லை என்பதையும் ஒரே வசனத்தில் சேர்த்தே சொல்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:5). ஆள் குறைவாயிருக்கிற ஊழியத்தின் தலைவர் உங்களை வரச் சொன்னால் அது பொய் என்று ஆகிவிடாது. அதேபோல மகளின் வாழ்வை எண்ணி அஞ்சும் மாமனார் வேண்டாம் என்றால் அதுவே சத்தியம் என்றும் ஆகாது. நீங்கள் போனாலும் இருந்தாலும் எதையும் இழக்காத ஒருவரிடமும் கேளுங்கள். இச்சகம் புகழ்ச்சியாக மட்டுமே வரும் என்றும் எண்ணவேண்டாம். பாடுகள் உமக்கு நேரிடக்கூடாது என்று பேதுரு இயேசுவிடம் சொன்னது அன்பினால்தான். ஆனாலும் அது கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

மூன்றாவதாக, அந்த ஆலோசனையில் காலமும் கிரயமும் பேசப்படுகின்றனவா என்று கவனிக்கவேண்டும். எரேமியா 28-இல் அனனியா, பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பணிமுட்டுகள் (பாத்திரங்கள்) 2 வருஷத்தில் திரும்பிவரும் என்றான்; எரேமியா சொன்னதோ 70 வருஷம். எரேமியா நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. அவன் முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறான். பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாகத் தன் கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா உடைத்தபோதும் வாதாடாமல் தன் வழியே போகிறான். கர்த்தருடைய வார்த்தை உண்டான பிறகே திரும்பி வந்து கண்டிக்கிறான். மெய்யான ஆலோசகர் கெட்ட செய்தியைச் சொல்ல ஆசைப்படுகிறவர் அல்ல. (புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் நாம் விரும்பி வாசிக்கும் எரேமியா 29:11, அந்த 70 வருஷத்தைச் சொல்லும் வசனத்துக்கு அடுத்த வசனம் என்பது அட்டையில் அச்சாவதில்லை.)

கடுமையாகப் பேசுகிறவரெல்லாம் உண்மை பேசுகிறவர் என்று நினைப்பது நல்ல விசுவாசிகளும் விழுகிற குழி. மிகாயாவைக் கன்னத்தில் அறைந்தவன், ராஜாவுக்கு இனிமையாகச் சொன்ன சிதேக்கியாதான். யோபின் சிநேகிதர்கள் இரக்கமில்லாமல் கண்டித்தார்கள்; முடிவில் அவர்கள்மேலேயே கர்த்தருடைய கோபம் மூண்டது. குரலின் கடுமையைவிட வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, அவர் உங்கள் குறையை உங்களிடமே, தனிமையில் சொல்கிறாரா, அல்லது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் மற்றவர்களிடம் முதலில் சொல்கிறாரா. மற்றவர்களிடம் முதலில் சொல்வதற்கு மத்தேயு 18:15 இடமே வைக்கவில்லை. மற்றொன்று, தாம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவரா. தாவீது ராஜாவின் பாவத்தைக் கண்டித்து “நீயே அந்த மனுஷன்” என்ற தீர்க்கதரிசி நாத்தான், அதற்கு முன்பு, ஆலயம் கட்ட விரும்பிய அதே தாவீதிடம் உம் இருதயத்தில் உள்ளபடி செய்யும் என்று சொல்லியிருந்தான். அன்று ராத்திரியிலே கர்த்தருடைய வார்த்தை வேறுவிதமாக வந்தபோது, போய் அதையும் மறைக்காமல் அறிவித்தான் (2 சாமுவேல் 7). அப்படிப்பட்டவரைத் தேடுங்கள்.

“கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று ஒருவர் தொடங்கினால் அதை நிதானிக்க, அதாவது சோதித்துப் பார்க்க, அஞ்சவேண்டாம். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29-இன் கட்டளை. பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தார் அதற்காகப் பாராட்டப்பட்டார்கள். கொடுக்கப்பட்ட வசனத்தின் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். அபிஷேகம்பெற்றவரைக் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லி உங்களைத் தடுக்கிறவரின் ஆலோசனையை, அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவைக்கலாம்.

விருப்பத்துக்கு எதிரான ஆலோசனை கிடைத்தால் அங்கேயே பதில் சொல்லாமல், எழுதிவைத்துச் சில நாட்கள் ஜெபத்தோடு காத்திருங்கள். அந்நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். தோல்வி வரும் என்று எச்சரித்த மிகாயாவை ஆகாப் சிறையில் போட்டான். ஆயினும் யுத்தத்துக்கு வேஷம்மாறியே போனான், அதாவது அந்த வார்த்தையைப் பாதி நம்பினான். ராஜினாமா கடிதத்தை எழுதிவைத்துவிட்டு, ஒருவேளை திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்று அலுவலகத்தில் ரகசியமாக விசாரிக்கிறவரும் தம்மை எச்சரித்தவரைப் பாதி நம்புகிறார். அவர் கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, எச்சரித்தவரிடமே திரும்பிப் போய், எந்தக் காரியங்கள் மாறினால் நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று கேட்கட்டும்.