பழைய மினிலேபை ஓட்டப் போகிறவர்களுக்கு

மூடிக் கிடந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து, மினிலேபில் (ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் கடை இயந்திரம்) ஃபிலிம் கழுவும் பகுதியான புராசசர் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கி வந்த ஒரு தம்பி, போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, ஆட்டோமேட்டிக் மெஷின்தானே? ரோலைப் போட்டால் நெகட்டிவ் வந்துவிடும் இல்லையா?" என்று கேட்டார். வரும். எப்படிப்பட்ட நெகட்டிவ் என்பதுதான் கேள்வி.

மதுரையில் ஒரு கலர் லேபில் 1994 முதல் 14 ஆண்டுகள் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றவன் நான். இப்போதும் என் பழைய சட்டைகளில் ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் தெறித்த பழுப்புப் புள்ளிகள் போகவில்லை. இயந்திரம் தானாகச் செய்கிற வேலை, ஃபிலிமை ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போவது மட்டும்தான். தொட்டிக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்று அது பார்க்காது. செத்துப்போன டெவலப்பரிலும் அதே வேகத்தில், அதே முனகலோடு ஓட்டிக் கொடுத்துவிடும்.

கலர் நெகட்டிவுக்கு நாம் இன்றும் பயன்படுத்துகிற சி-41 முறை 1972இல் கோடாக் கொண்டுவந்தது. ஃபியூஜி அதற்குச் சிஎன்-16 என்று பெயர் வைத்திருந்தாலும் இரண்டும் ஒத்துப்போகும். எந்தக் கம்பெனியின் கலர் நெகட்டிவ் ரோலும் ஒரே தொட்டியில் ஓடும். தொட்டிகளின் வரிசை இது: டெவலப்பர், ஃபிலிமில் உள்ள வெள்ளியைக் கரையத் தயாராக்கும் பிளீச், அதைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸர், நிறம் மங்காமல் காக்கும் ஸ்டெபிலைசர், கடைசியில் உலர்த்தி. இவற்றில் உயிர்நிலை டெவலப்பர். 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி. அந்த வெப்பத்தில் 0.15 டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. மற்ற தொட்டிகளில் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் ஆனாலும் குடி முழுகிவிடாது.

கெமிக்கல் கலக்குவதிலிருந்து தொடங்குங்கள். டெவலப்பர் கலக்குகிற வாளியும் துடுப்பும் தனி. வேறு எதற்கும் அவற்றைத் தொடக்கூடாது. டெவலப்பர் ஏ, பி, சி என்று மூன்று பாகமாக வரும். முதலில் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலந்த பின் பி, அதன் பின் சி. வரிசை மாறினால் கலவை கலங்கிக் கெட்டுவிடும். கையுறை போடாமல் கை வைக்காதீர்கள். டெவலப்பர் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை அரிப்பு வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் வரும். எங்கள் லேபில் நல்ல கைத்திறன் உள்ள ஒரு அண்ணன் இதனாலேயே வேலையை விட்டுப் போனார்.

தொட்டியை நிரப்பும்போது நான் கடைசித் தொட்டியில் தொடங்கிப் பின்னோக்கி வருவேன். ஸ்டெபிலைசர், ஃபிக்ஸர், பிளீச் எல்லாம் ஊற்றி முடிந்த பிறகுதான் டெவலப்பர். ஏதாவது தெறித்திருந்தால் வெறும் தொட்டியைக் கழுவிவிடலாம், நிரம்பிய தொட்டியைக் கழுவ முடியாது. இதைச் சும்மா சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஃபிலிமை இழுக்கும் ரோலர்கள் பூட்டிய சட்டங்களான ரேக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சோம்பலில் பிளீச் ரேக்கை டெவலப்பர் தொட்டியின் மேலாகத் தூக்கிக்கொண்டு போனேன். சில துளிகள்தான் சொட்டின. நானும் பார்த்தேன், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை வந்த ரோல்களில் தெளிவாக இருக்க வேண்டிய ஓரமெல்லாம் மூட்டம் போட்டிருந்தது. தொட்டி டெவலப்பர் முழுவதையும் சாக்கடையில் விட்டோம். அதன் விலை என் சம்பளத்தில் மூன்று தவணையாகப் பிடிக்கப்பட்டது. ரேக்கைத் தூக்கும் முன் டெவலப்பர் தொட்டியை மூடுங்கள். பாதரச வெப்பமானியையும் அந்தத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உடைந்தால் அதோடு தொட்டியின் கதை முடிந்தது.

காலையில் சுவிட்சைப் போடும் முன் மட்டத்தைப் பாருங்கள். இரவில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, ஆகவே குறைந்த அளவுக்குத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ரெப்ளனிஷரை, அதாவது ஓடுகிற ரோலுக்கு ஈடாகச் சேர்க்கிற புதுக் கரைசலை, ஊற்றி மட்டத்தை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாள்பட நாள்பட டெவலப்பர் காரமேறி நெகட்டிவ் எல்லாம் அடர்ந்துபோகும். எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரோலர்கள் சொரசொரப்பாகிவிடும், கடைசித் தொட்டியிலிருந்து வருகிற ஃபிலிமில் வெள்ளைத் திட்டு நிற்கும். வடித்த நீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்கு ஒரு வார்த்தை. தொட்டியைச் சூடேற்ற இயந்திரத்தில் ஹீட்டர் இருக்கிறது. குளிர்விக்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அறையே 40 டிகிரியைத் தொட்டால் டெவலப்பரும் கூடவே ஏறும். ஏ.சி. இயந்திரத்துக்குத்தான், உங்களுக்கு அல்ல.

சூடு ஏறி நின்ற பிறகும் வாடிக்கையாளர் ரோலை எடுக்காதீர்கள். முதலில், ஃபிலிமை முன்னால் இழுத்துச் செல்லும் அட்டையான லீடர் கார்டை மட்டும் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். வளையாமல், கீறல் இல்லாமல் வெளியே வர வேண்டும். அடுத்தது கண்ட்ரோல் ஸ்ட்ரிப். தொழிற்சாலையிலேயே அளந்து வெளிச்சம் காட்டப்பட்ட ஃபிலிம் துண்டு அது. உறைபெட்டியில் வைத்திருந்து, திறக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். ஓட்டி வந்ததை, ஃபிலிமின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளந்து, பெட்டியோடு வந்த மாதிரி ஸ்ட்ரிப்பின் அளவோடு ஒப்பிட்டு, தினமும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கோடுகளும் சேர்ந்து மேலே போனால் சூடு அதிகம் அல்லது ரெப்ளனிஷர் அதிகம். சேர்ந்து கீழே விழுந்தால் சூடு குறைவு, ரெப்ளனிஷர் குறைவு, அல்லது யாரோ தண்ணீரை அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். ஒரு கோடு மட்டும் பிரிந்து ஓடினால் கலப்படமோ கலக்கியதில் தவறோ இருக்கிறதா என்று தேடுங்கள். டென்சிட்டோமீட்டர் கிடைக்காதவர்கள் இரண்டு ஸ்ட்ரிப்பையும் லைட் பாக்ஸில் அருகருகே வைத்துக் கண்ணால் பாருங்கள். குத்துமதிப்புதான், ஆனாலும் பார்க்காமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி ரோல். ரோலின் குப்பி மேல் சி-41 என்று அச்சிட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமை இதில் விட்டால் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளியையெல்லாம் கரைத்துவிடும். வெறும் கண்ணாடிபோல் வந்து நிற்கும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மட்டும் விதிவிலக்கு, அது சி-41க்காகவே செய்த கறுப்பு வெள்ளை. இப்போது இன்னொரு வம்பு வந்திருக்கிறது. சினிமா நெகட்டிவை வெட்டி 35 மி.மீ. குப்பிகளில் சுற்றி விற்கிறார்கள். அந்த ஃபிலிமின் முதுகில் கரிப் பூச்சு இருந்தால், ஒரே ஒரு ரோல் போதும்: எல்லா ரோலரிலும் கரி ஒட்டி, அடுத்து வருகிற அத்தனை ரோலிலும் அப்பும். பூச்சு நீக்கப்பட்டதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஃபிலிமின் நாக்கை வெளியே எடுத்து, நுனியை நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டிய நுனி கோணலாகத்தான் ஓடும். ஓரத் துளைகளில் கிழிசல் இருந்தால் அந்த அளவுக்கு நறுக்கிவிடுங்கள். லீடர் கார்டில் பொருத்தி, அதற்கென்றே வருகிற டேப்பால் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேயுங்கள். கடையில் வாங்குகிற சாதாரண டேப் சூடான டெவலப்பரில் ஊறிக் கழன்றுவிடும். கழன்ற ஃபிலிம் தொட்டிக்குள் போனால், இருட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டியதுதான். ஜோடி எண் ஸ்டிக்கரில் ஒன்றை ஃபிலிமிலும் மற்றதைக் கவரிலும் ஒட்டுங்கள். கார்டைச் செருகி மூடியை மூடிய பின், ரோல் முடிந்து கத்தி வெட்டி, இயந்திரம் ஒலி எழுப்பும் வரை அந்த மூடியில் கை படக்கூடாது. அவசரக்காரர்கள் கடைசி நாலைந்து படங்களைக் கறுப்பாக்குவது இங்கேதான். காகிதத்தோடு சுற்றி வருகிற அகல ஃபிலிமான 120 ரோலுக்குக் காகிதத்தைப் பிரித்து அதற்கான பெட்டியில் மாற்றுவதை இருட்டுப் பைக்குள் செய்ய வேண்டும். வீணான ரோல் ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகுங்கள்.

மின்சாரம் போனால்? யு.பி.எஸ். இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள் என்பதுதான் முதல் பதில். அதுவும் கைவிட்டால் மேல் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான் ஓட்டியது நோரிட்சு இயந்திரம். ஓட்டத்தைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி இருந்தது. உங்களுடையதில் அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். டெவலப்பரில் இருக்கிற ஃபிலிம்தான் நொடிக்கு நொடி கெடும். அதை வழக்கமான வேகத்திலேயே சுற்றிப் பிளீச்சுக்குக் கொண்டுபோய்விட்டால் மூச்சு விடலாம். பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் கொஞ்ச நேரம் கூடக் கிடந்தால் கேடில்லை.

வெளியே வந்த நெகட்டிவைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். ஓரத்தில் இருக்கிற ஃபிலிம் பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை, டெவலப்பரில்தான் தெரியவரும். எண்கள் பளிச்சென்று இருந்து படங்கள் மட்டும் இல்லை என்றால் உங்கள் தொட்டி நன்றாக இருக்கிறது. கேமராவில் ஃபிலிம் நகரவில்லை அல்லது திரை திறக்கவில்லை. எண்களும் இல்லை என்றால் குற்றம் நம்முடையது. முழுவதும் கறுப்பு என்றால் எங்கோ வெளிச்சம் பட்டிருக்கிறது. பால்போல் மங்கலாக இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. சேறுபோல் கனத்து நிறம் செத்திருந்தால் பிளீச் போதவில்லை. இவை இரண்டையும் நல்ல கெமிக்கலில் மறுபடி ஓட்டிச் சரிசெய்யலாம். டெவலப்பரின் தவறுக்கு மட்டும் மறுபிறவி கிடையாது.

ஒரு முகூர்த்த நாளில், போட்டோகிராபர் ஒருவர் பெண்வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து "லேப் என் படத்தைத் தின்றுவிட்டது" என்று கவுண்டரில் சத்தம் போட்டார். ரோலை லைட் பாக்ஸில் விரித்தேன். முதல் எண்ணிலிருந்து கடைசி வரை ஓரம் அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. ஃபிலிம் கேமராவின் சுருளில் மாட்டவே இல்லை. தாலி கட்டு முழுவதையும் அவர் நகராத ஃபிலிமில் எடுத்திருக்கிறார். அவரை உள்ளே அழைத்துத் தனியாகத்தான் சொன்னேன். தொழில்காரரை நாலு பேர் முன் அவமானப்படுத்தக் கூடாது அல்லவா?

பிரிண்ட் போடும் பேப்பர் பக்கம் இதைவிடச் சாது. கலர் பேப்பருக்கான ஆர்ஏ-4 முறையில் டெவலப்பர் 45 நொடி, பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றான பிளீச்-ஃபிக்ஸ் 45 நொடி, பிறகு அலசல், உலர்த்தல். வெளிச்சம் புகாத உறையான மேகசினில் பேப்பரை மாட்டுவது முழு இருட்டில். பேப்பர் பெட்டி மாறினால் நிறச் சமநிலையும் மாறும், புதிய பெட்டிக்குப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். காலையில் வருகிற முதல் பிரிண்டில் முகத்தைப் பார்க்காதீர்கள், வெள்ளை விளிம்பைப் பாருங்கள். அது வெள்ளையாக இல்லாவிட்டால் டெவலப்பரையோ அலசலையோ சந்தேகியுங்கள். கறுப்பு செம்மை தட்டினால் பிளீச்-ஃபிக்ஸ் களைத்துவிட்டது.

அந்தத் தம்பி போன்றவர்களுக்கு உண்மையான சங்கடம் ரோல் குறைவு என்பதுதான். நாங்கள் ஓட்டிய காலத்தில் ரோல் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் கொஞ்சம் ரெப்ளனிஷர் சேர்க்கும். டெவலப்பர் ஓடுகிற ஆறு மாதிரி புதிதாகவே இருக்கும். நாளுக்கு இரண்டு ரோல் என்றால் அது குட்டை. காற்றுப் பட்டுப் பட்டுப் பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்குக் கறுத்துவிடும். அதனால் ரோல்களைக் குளிர்பெட்டியில் சேர்த்து வைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மொத்தமாக ஓட்டுங்கள். மற்ற நாட்களில் ஹீட்டரை அணைத்துவிடலாம். ரெப்ளனிஷர் குடுவையில் மிதக்கும் மூடியைப் போட்டு வையுங்கள். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது. அதைக் கீழே ஊற்றாமல் கேனில் சேர்த்தால் எடுத்துப்போக ஆள் வருவார்.

இரவு மூடும்போது, தொட்டிக்குத் தொட்டி ஃபிலிமைத் தாண்டவைக்கிற மேல் ரேக்குகளைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். ஒரு நாள் விட்டால் ரோலரில் உப்புப் பரல் கட்டும், மறுநாள் முதல் ரோலில் நீளமாக ஒரு கோடு விழும். டெவலப்பர் ரேக்கை முதலில் கழுவுங்கள், பிளீச் ரேக்கைப் பிறகு. எல்லாம் மாட்டியபின் மேல் மூடியை முழுதாக அடைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். ஆவி வெளியே போகட்டும், இல்லாவிட்டால் மூடியில் வியர்த்துப் பிளீச் கலந்த நீர் எங்கு வேண்டுமானாலும் சொட்டும். இடைவெளி குறையாமலிருக்க நாங்கள் காலி ஃபிலிம் டப்பா ஒன்றை அதில் செருகி வைப்போம்.