வன்னியில் பிள்ளைகளுக்கான தொழில்வழிச் சிகிச்சையாளராகவும் ஆசிரியராகவும் உருவாவது எப்படி?

ஒரு பிள்ளை தானே உண்ணவும் உடுக்கவும் குளிக்கவும் எழுதவும் விளையாடவும் வழிசெய்வதே தொழில்வழிச் சிகிச்சை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து இத்துறைக்கு வர விரும்புவோர், சிகிச்சையையும் கற்பித்தலையும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகப் பயில வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வரும் தாய்க்கு மாதத்தில் ஒரு தடவைதான் கிளினிக்குக்கு வர இயலுமென்றால், மற்ற நாட்களில் சிகிச்சையைச் செய்பவர் அவரே. அவருக்குக் கற்பிக்கத் தெரியாத சிகிச்சையாளரின் திறமை அந்தப் பிள்ளையைச் சென்றடையாது.

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டப்படிப்பைத் தொடர்வது ஒரு வழியாகும். உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் குறைந்தது 1,000 மணித்தியாலக் களப்பயிற்சியை வலியுறுத்துகிறது. தெற்கில் பயிலும் காலத்தில் பேச்சுச் சிங்களமும் அவசியப்படும். பின்னர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கற்பிக்கும் முறைக்குச் சட்டைப் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். பெரியவர் பொத்தானைத் துளைக்குள் பாதிவரை நுழைத்துவிட, பிள்ளை அதை மறுபக்கம் இழுத்தெடுப்பதோடு முதற்கட்டம் முடிகிறது. அது கைவந்தபின் நுழைப்பதையும் பிள்ளையிடம் விடலாம். இவ்வாறு கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கினால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த நிறைவு பிள்ளைக்குக் கிடைக்கும். இதை நீங்கள் செய்துகாட்டியதோடு தாயை அனுப்பிவிடாதீர்கள்; உங்கள் முன்னிலையில் அவர் செய்து பார்க்கட்டும். மேலைநாட்டுப் பாடநூல்கள் முள்ளுக்கரண்டியைப் பற்றிப் பேசும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியதோ சோற்றைக் குழைத்து விரல்களால் திரட்டுவதும், கிணற்றடியில் வாளித் தண்ணீரை மொண்டு குளிப்பதும், குந்தியிருந்து எழுவதுமாகும். இலக்குகளை இவற்றிலிருந்தே வகுக்க வேண்டும்.

பாடசாலைகளின் விசேட கல்வி அலகுகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் செல்லுமுன் உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்து சீராக இல்லையென்று ஆசிரியர் முறையிட்டால், விரல்களைப் பார்க்குமுன் கதிரையைப் பாருங்கள். கால்கள் தரையில் படாமல் தொங்கினால் உடல் நிலைகொள்ளாது. உடல் நிலைகொள்ளாதபோது கை எழுத்தில் கவனம் கொள்ளாது. காலடியில் ஒரு பலகை வைத்து, நீண்ட பென்சிலுக்குப் பதில் கட்டைப் பென்சிலைக் கொடுத்துப் பார்க்கலாம். கட்டைப் பென்சிலை முழுக்கையால் பற்ற இடமில்லாததால் விரல்நுனிகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கும்.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்புவோர், சில ஆண்டுகள் முழுநேரமாக நோயாளர் பிள்ளைகளோடு பணியாற்றிய பின்னரே முதுகலைப் படிப்புக்குச் செல்வது நல்லது. விரிவுரையாளரான பிறகும் வாரத்தில் ஒரு நாளாவது கிளினிக்குக்கு ஒதுக்க வேண்டும். அந்த நாளை எந்தக் கூட்டத்திற்கும் விட்டுக்கொடுக்கலாகாது. மாணவர்களை வீட்டுத் தரிசிப்புகளுக்கும் அழைத்துச் சென்று, பிள்ளையைப் பராமரிக்கும் அம்மம்மாவுக்கு ஒரு பயிற்சியை எளிய தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அம்மம்மா அதைத் தானே செய்துகாட்டிய பின்னரே மாணவருக்குப் புள்ளி வழங்குங்கள்.