கட்டையை அழுத்தினால் கணினியில் சத்தமில்லை

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு பாட்டுச் செய்து தா தம்பி என்று மாமா கேட்டிருந்தார். என்னிடம் இருப்பது பழைய கீபோட். யூஎஸ்பி கிடையாது, பின்பக்கம் மிடி (மின்வாத்தியங்களையும் கணினியையும் இணைக்கும் முறை) இன், மிடி அவுட் என்ற ஐந்து துளைச் சொக்கெட்டுகள் மட்டும்தான். கிளிநொச்சியில் மிடி-யூஎஸ்பி வயர் ஒன்று வாங்கிக் கொழுவினேன். கணினி வயரைக் கண்டுகொண்டது, ஆனால் கட்டையை அழுத்தினால் ஒரு அசுமாத்தமும் இல்லை.

இந்த வயர்கள் பலவற்றில் ‘இன்’ என்று எழுதிய முனை கீபோட்டின் ‘அவுட்’டுக்குத்தான் போகவேண்டும். கணினியின் பக்கம் நின்று எழுதிய பெயர் அது. மாற்றிக் கொழுவ, வயரிலுள்ள சின்ன லைட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மினுங்கியது.

அப்பவும் சத்தம் வரவில்லை. மிடியில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக என்ற தகவல்தான் போகிறது. (ஏ-9 வீதியில் லொறி இரைந்தாலும் பதிவில் விழாது, எனக்கு அது பெரிய வசதி.) ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிடி இன்புட்டை எனேபிள் செய்து, டிராக்கில் ஒரு பியானோ விஎஸ்டி (கணினிக்குள் ஒலி எழுப்பும் மென்பொருள் வாத்தியம்) போட்ட பிறகுதான் கேட்டது.

கேட்டது சரி, பிந்தியல்லவா கேட்டது! தாளம் பிடிக்கவே ஏலாது. வழமையான ஓடியோ டிரைவரை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் போட்டு, பஃபரை (ஒலி வெளிவர முன் கணினி சேர்த்து வைக்கும் அளவு) 256 சாம்பிளுக்குக் குறைத்தேன். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 44,100 சாம்பிளில், அது 6 மில்லிசெக்கனுக்கும் குறைவு. 128க்கு இறக்கினால் என் லாப்டொப்பில் சத்தம் பொரிகிறது, அதனால் 256 போதும். உடுக்கு மட்டும் நேரே மைக்கில்தான். அதைக் கட்டையில் அடித்தால் மாமா உடனே கண்டுபிடித்துவிடுவார்.