பாக்கெட்டுக்கு மேல் ‘மேற்பார்வையாளர்’: தமிழ் எழுத்துக்குப் பஞ்சிங் போடும் முறை

திருப்பூரில் பஞ்சிங் வேலை பார்க்கிறேன், அதாவது எம்பிராய்டரி மெஷின் எந்த இடத்தில் எப்படித் தைக்க வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுக்கும் வேலை. “எழுத்துதானே, டைப் அடித்தால் வந்துவிடுமே” என்று சொல்லாத பார்ட்டி கிடையாது. ஆங்கிலத்துக்கு அது முக்கால்வாசி சரிதான். வில்காம் என்ற எம்பிராய்டரி மென்பொருளில் ஏ விசையைத் தட்டிப் பெயரை அடித்தால், ஏற்கெனவே யாரோ ஒவ்வொரு கோடாகப் பஞ்ச் செய்து வைத்த எழுத்து வந்து நிற்கும். தமிழுக்கு அந்த வசதி அபூர்வம். சாதாரண ஃபான்ட்டைக் கொடுத்து மென்பொருளையே தையலாக மாற்றச் சொன்னால் மாற்றித்தான் தரும். ஆனால் திரையில் அழகாக இருப்பது துணியில் கம்பளிப்பூச்சியாக வரும்.

காக்கிச் சட்டையில் இடது பாக்கெட்டுக்கு மேல் ‘மேற்பார்வையாளர்’ என்று வர வேண்டும், அகலம் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கொம்பு, கால் எல்லாம் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டு உருவம். அந்த அகலத்தில் எழுத்தின் உயரம் 7 மி.மீ.கூடத் தேறாது. அதனால் வேலையைத் தொடங்குமுன்பே நூலை முடிவு செய்துவிடுங்கள். வழக்கமான 40 நம்பர் நூல் இதற்குத் தடிமன். அதைவிட மெல்லிய 60 நம்பர் நூலும் 65/9 அளவு ஊசியும் போடச் சொல்லி ஆபரேட்டருக்கு எழுதிக் கொடுங்கள்.

அடுத்து ஃபான்ட். கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். விண்டோஸில் கிடைக்கும் லதா போதும், நோட்டோ சான்ஸ் தமிழும் நல்லது. மெல்லிசும் தடிப்புமாக வளைந்து ஓடும் கல்யாணப் பத்திரிகை எழுத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி “இதேதான் வேணும்” என்பவர்களிடம், இந்த அளவில் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

யூனிகோட் தமிழை எம்பிராய்டரி மென்பொருளில் நேராக அடித்தால் சிலவற்றில் கொம்பு இடம் மாறிவிடும்: ‘மே’ என்பதில் ம முன்னால் வந்து, கொம்பு பின்னால் தொங்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, பாமினி போன்ற பழைய ஃபான்ட். அதில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் மென்பொருளுக்குக் குழப்பமே வராது. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று அடித்தால் ‘அம்மா’ வரும். இன்னொன்று, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் யூனிகோடிலேயே அடித்து, எழுத்தைப் பாதையாக (வெறும் வெளிக்கோடாக) மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவருவது. நான் செய்வது இரண்டாவது. இங்க்ஸ்கேப்பும் அதற்குள் இயங்கும் எம்பிராய்டரி இணைப்பான இங்க்/ஸ்டிட்ச்சும் இலவசம் என்பதால், பழகுகிறவர்கள் முழு வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அந்த வெளிக்கோட்டை அப்படியே தையலாக்காதீர்கள். அதை அச்சாக அடியில் வைத்து, மேலே சாட்டின் (ஓரத்துக்கு ஓரம் நூல் நெருக்கமாகப் போய்வரும் தையல்) பட்டைகளாக நீங்களே வரையுங்கள். ‘ப’வை எடுத்துக்கொள்ளுங்கள்: இடது கால் ஒரு பட்டை, அடிக்கோடு ஒரு பட்டை, வலது கால் ஒரு பட்டை. ஒவ்வொன்றிலும் தையல் கோட்டுக்குக் குறுக்காக விழ வேண்டும். மூலையில் ஒரு பட்டை இன்னொன்றின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அங்கே துணி எட்டிப் பார்க்கும். சாட்டின் தைக்கும்போது நூல் துணியைப் பக்கவாட்டில் உள்ளே இழுக்கும், நுனிகளை வெளியே தள்ளும். அதாவது பட்டை ஒல்லியாகும், நீளமாகும். அதை ஈடுகட்டப் பட்டையை முன்கூட்டியே அகலமாக்கும் புல் காம்பன்சேஷன் காக்கித் துணிக்கு 0.2 மி.மீ. வைப்பேன். பனியன் துணி, போலோ டி-ஷர்ட்டுத் துணியான பிக்கே என்றால் 0.3 முதல் 0.4 வரை போகலாம். ‘ப’வின் இரண்டு கால் நுனிகளையும் வில்காமில் ஹெச் விசையைத் தட்டிப் பிடித்து ஒரு நூலின் தடிமன் அளவு கீழே இறக்கிவிடுங்கள், தைத்தபின் பக்கத்து எழுத்தோடு சமமாக நிற்கும்.

பட்டையின் அகலம் 1 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது, சுழிக்குள் இருக்கும் காலி இடமும் அப்படித்தான். இதில் ‘வை’தான் சங்கடம் பிடித்தது. கொம்பின் சுழிகளும் வ-வின் சுழியும் அருகருகே நெருக்கிக்கொண்டு, தைத்தால் மூன்றும் அடைத்துப்போகும். சுழிகளை ஃபான்ட்டில் இருப்பதைவிடப் பெரிதாக்குங்கள். யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

‘பார்’ என்ற இடத்தைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். காலும் ர-வும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ர-வுக்குக் கீழே சாயும் வால்தான் இரண்டுக்கும் வித்தியாசம். இந்த அளவில் அந்த வால் தையலில் கரைந்துவிடும். வாலைக் கொஞ்சம் நீட்டி, இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுங்கள். அகலம் போதவில்லை என்றால் முழுச் சொல்லையும் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், நிற்கும் கோடெல்லாம் ஒல்லியாகிவிடும். எழுத்து இடைவெளியை எங்கெங்கே குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ய-வுக்கும் அதன் காலுக்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் கிடைக்கும்.

புள்ளி மூன்று இருக்கிறது: ற், ர், ர். புள்ளியை 1.5 மி.மீ. விட்டத்துக்குக் குறைத்தால் நூல் முடிச்சு மாதிரி இருக்கும். தானாக மாற்றும்போது பல சமயம் புள்ளிகள் கடைசியில் போய் நிற்கும். அதற்குள் துணி நகர்ந்திருக்கும், புள்ளி எழுத்தைவிட்டு விலகி விழும். ஒவ்வொரு புள்ளியும் தன் எழுத்து முடிந்த கையோடு வரும்படி வரிசையை மாற்றுங்கள். எழுத்தின் கடைசித் தையலைப் புள்ளிக்கு நேர் கீழே முடித்தால் நடுவில் நூலை வெட்டும் டிரிம் தேவைப்படாது.

மேல் தையலைத் தாங்க அடியில் போடும் அண்டர்லே, இவ்வளவு ஒல்லிப் பட்டைக்கு நடுவில் ஒரே ஒரு ரன் (ஒற்றை ஓட்டத் தையல்) போதும், அதற்குமேல் போட்டால் எழுத்து கனக்கும். டென்சிட்டியை, அதாவது நூலுக்கு நூல் இடைவெளியை, 60 நம்பர் நூலுக்கு 0.35 மி.மீ.யில் ஆரம்பியுங்கள். பிறகு வில்காமில் ஷிஃப்ட்டும் ஆர்-உம் அழுத்தி, தைக்கும் வரிசையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

சேமிக்கும்போது இரண்டு கோப்பு: வில்காமின் சொந்தக் கோப்பு வகையான இஎம்பி உங்களுக்கு, டிஎஸ்டி மெஷினுக்கு. டிஎஸ்டியில் ஊசி இறங்கும் இடங்கள் மட்டும்தான் இருக்கும், எழுத்து என்ற விவரமே இருக்காது. “12 செ.மீ. ஆக்கிக் கொடு” என்று நாளைக்குக் கேட்டால் டிஎஸ்டியை இழுத்துப் பெரிதாக்காதீர்கள். இஎம்பியைத் திறந்து அளவை மாற்றிப் புதிதாக டிஎஸ்டி எடுங்கள். நூல் நிறமும் டிஎஸ்டியில் போகாது, அதனால் நிற வரிசையைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். சாம்பிளை அதே காக்கித் துணியில், துணிக்கு அடியில் வைக்கும் அதே பேப்பர் வைத்து, மெஷினை நிமிடத்துக்கு 600 தையல் வேகத்தில் ஓட்டித் தைத்துப் பார்த்த பிறகு ஆர்டரை ஏற்றுங்கள்.