துக்கத்தை இறக்கி வைக்க 13-ஆம் சங்கீதம்

துக்க வீட்டில் "அழாதீங்க, எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லிவிட்டு வருவது நம் பக்கத்துச் சபைகளில் பழகிப்போன ஒன்று. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). அதனால் முதலில் துக்கத்தை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். அதற்கு வேதாகமத்தில் தாவீது பாடிய 13-ஆம் சங்கீதம் போதும்; மொத்தமே 6 வசனம்.

குடும்ப ஜெபம் முடிந்து வீடு அடங்கியபின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் 2 வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று தாவீது 4 தடவை கேட்கிறார். அதையே உங்கள் பேச்சில் ஒரு நோட்டில் எழுதுங்கள்: "எம்புட்டு நாளைக்கு ஆண்டவரே இந்தக் கடனோட கெடக்கது?" வேத பாஷை தேவையில்லை, கடன் தொகையைக்கூட எழுதலாம். 3, 4-ஆம் வசனங்கள் வேண்டுதல். இங்கே நாளைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். "எல்லாத்தையும் மாத்தும்" என்று கேட்டால் பதில் வந்ததே தெரியாமல் போய்விடும். 5, 6-க்கு வந்ததும், கர்த்தர் முன்பு செய்த நன்மை ஒன்றை நாள், இடத்தோடு எழுதி ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

பலரும் தவறுவது, அழுகிற வசனங்களை விட்டுவிட்டு நேரே 6-க்குத் தாவுவதில்தான். வாய் பாடும், நெஞ்சு கனத்தபடியே கிடக்கும். 6 வரை வரமுடியாத நாளில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுங்கள். அது இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

உடம்பையும் கவனியுங்கள். சாக வேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் (1 இராஜாக்கள் 19). 2 வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே போங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்கு போன் செய்யுங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது.

வலி தீர்ந்தபிறகுதான் சந்தோஷம் என்று காத்திருக்கவும் வேண்டாம். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அங்கிருந்தே எழுதிக்கொண்டும் இருந்தார்.

சபையில் அசனம் (எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் சபை விருந்து) வருகிறதா? முந்தின ராத்திரி காய் நறுக்கப் போய் உட்காருங்கள். அங்கே யாரும் உங்களைச் சாட்சி சொல்லச் சொல்லமாட்டார்கள். கத்தரிக்காய்த் துண்டு அண்டாத் தண்ணீரில் விழுகிற சத்தத்தோடு நாலு பேர் பேச்சும் காதில் விழட்டும். வீட்டு அருவாமனையைக் கையோடு கொண்டுபோங்கள்; அங்கே எப்போதும் ஒன்றிரண்டு குறையும்.